கிளார்க் கெர்: நடுவரும் பல்கலைக்கழகத் தலைவரும்

வழக்கிட்டு நிற்கும் இருவர் நடுவே அமர்ந்து நியாயம் உரைப்பது எளிய காரியமன்று. இருவரும் தத்தம் பக்கமே அறம் உளதென நம்புவர். தீர்ப்புப் பிறந்தபின் ஒருவரேனும், சிற்சில வேளை இருவருமே, தீர்த்தவரை நொந்துகொள்வர். பல்கலைக்கழகம் ஒன்றை ஆள்வதும் இதனினும் எளிதென்று கூறுதற்கில்லை. மாணாக்கர், ஆசிரியர், ஆட்சிக்குழுவினர், அரசினர், பொதுமக்கள் எனப் பல திறத்தாரும் அதன்மீது உரிமை பாராட்டுவர். இவ்விரு பணிகளையும் ஒரே வாழ்நாளில் ஏற்று இரண்டிலும் பெயர் நிறுத்தியவர், அமெரிக்க நாட்டில் 1911 ஆம் ஆண்டு பிறந்து 2003 ஆம் ஆண்டு மறைந்த கிளார்க் கெர் என்னும் பொருளியலறிஞர் ஆவர்.

அவர் வரலாற்றை ஆண்டு வரிசையாக அடுக்கிச் செல்லுதல் மட்டும் எம் கருத்தன்று. நடுவராயிருந்து ஒருவர் பயின்ற பண்பு, கல்விக்கழகத்தை ஆளும்போது அவருக்கு எவ்வளவு துணைசெய்யும்? எவ்விடத்தில் அது போதாதாகும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணுதற்குரிய நிகழ்ச்சிகள் அவர் வாழ்வில் நிரம்ப உள. அவற்றை முறையே ஆராய்வோம்.

இளமையும் கல்வியும்

கெர், பென்சில்வேனியா மாநிலத்தில் ரெடிங் நகரையடுத்த ஸ்டோனி கிரீக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஆசிரியத் தொழிலும் ஆப்பிள் தோட்ட வேளாண்மையும் உடையவர். பெர்லின் நகர் சென்று உயர்கல்வி கற்றவர். அன்னையாரோ ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; மகளிர் தொப்பி செய்யும் தொழிலால் பொருளீட்டியவர். தமக்குப் பிறக்கும் மக்களைக் கல்லூரிக்கு அனுப்புதற்கு வேண்டிய பொருளைச் சேர்த்து முடித்த பின்னரே மணம் புரிவேன் என்று உறுதிகொண்டு, அவ்வாறே செய்தனர் அவ்வம்மையார். தாம் பெறாத கல்வியைத் தம் மக்கள் பெறவேண்டுமென்று திருமணத்திற்கு முன்னரே திட்டமிட்ட அன்னையின் மகன், பின்னாளில் ஒரு மாநிலத்து மக்கள் அனைவர்க்கும் கல்விக் கதவு திறந்திருக்கத் திட்டம் வகுத்தது பொருத்தமே.

கெர் 1932 இல் சுவார்த்மோர் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியை நிறுவியோர் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையார். ஆண்டுப் பயின்ற காலத்தில் கெரும் அச்சபையைச் சார்ந்தார். அச்சபையாரின் வழக்கமொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. அவர்தம் காரியக் கூட்டங்களில் கைதூக்கி எண்ணி, மிகுந்தோர் கருத்தைக் குறைந்தோர்மேல் ஏற்றும் முறை இல்லை. யாவரும் பொறுமையாய்ப் பேசி, பொறுமையாய்க் கேட்டு, ஒருமித்த உள்ளம் தோன்றுமட்டும் காத்திருப்பர். மலைப்பிரசங்கத்தில் சமாதானஞ் செய்வோர்க்கு உரைக்கப்பட்ட பேற்றினை ஒரு வழிபாட்டு மொழியாக மட்டும் கொள்ளாது, அன்றாடக் காரிய முறையாகவே அமைத்துக்கொண்ட சபை அது. கெர் என்னும் நடுவர்க்கு முதற்பாடம் அங்கே கிடைத்தது எனலாம்.

பருத்திக் காட்டிற் கற்ற பாடம்

பின்னர் அவர் மேற்குக் கரைக்குச் சென்று, ஸ்டான்போர்டில் முதுகலைப் பட்டமும், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1939 இல் டாக்டர் பட்டமும் பெற்றார். மாணவராயிருந்த காலத்தில், 1933 ஆம் ஆண்டு சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்கும் கூலியாட்கள் பெருவேலைநிறுத்தம் செய்தனர். அவருட் பெரும்பாலோர் மெக்ஸிகோ நாட்டவர். நூறு இராத்தல் பருத்தி எடுத்தால் 60 சென்ட் கொடுப்போம் என்றனர் நிலக்கிழார். ஒரு டாலர் வேண்டும் என்றனர் கூலியாட்கள். துப்பாக்கிச் சூடும் உயிர்ச்சேதமும் நிகழ்ந்தன. ஆளுநர் அமர்த்திய குழு இருபாலாரையும் விசாரித்து, 75 சென்ட் என வரையறுத்தது. அதன்மேல் வேலைநிறுத்தம் முடிந்தது.

அந்நாட்களில் பால் டெய்லர் என்னும் பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி மாணவராயிருந்த கெர், கூலியாட்களிடத்தும் நிலக்கிழாரிடத்தும் நேரிற் சென்று அவரவர் வாய்மொழியை எழுதிக் கொணர்ந்தார். ஒரே நிகழ்ச்சியை இரு திறத்தாரும் எத்துணை வேறுபடக் காண்பர் என்பதும், அவ்விரு காட்சியும் அவரவர் அளவில் மெய்யாகவே தோன்றும் என்பதும் அப்போது அவர் கண்கூடாகக் கண்ட உண்மைகள். புத்தகத்திலிருந்து கற்ற பொருளியலை வயலிற் சென்று உரைத்துப் பார்த்தமையே அவரை நடுவர் தொழிலுக்கு ஆயத்தஞ் செய்தது.

நடுவர் பணி

தொழிற்பிணக்குத் தீர்க்கும் முறையைப் பற்றி ஒருசிறிது விளக்குதல் வேண்டும். இருதிறத்தாரையும் கூட்டி, அவர்களே ஓர் உடன்பாட்டிற்கு வருமாறு துணைபுரிபவர் சமரசம் செய்பவர். அவர் சொல்லைக் கொள்ளவும் தள்ளவும் அவர்களுக்கு உரிமையுண்டு. இருபாலாரும் கட்டுப்படுவதாக முன்னரே இசைந்து, ஒருவர்பால் வழக்கை ஒப்புவிப்பின், அவர் நடுவர் எனப்படுவர். அவர் தீர்ப்பு இருவரையும் பிணிக்கும். நடுவர் தீர்க்கும் வழக்கும் இருவகைப்படும். எழுதி முடித்த ஒப்பந்தத்தின் பொருள் யாது, அதனை மீறியவர் யார் என்பது ஒருவகை. இனி எழுதவேண்டிய ஒப்பந்தத்தில் கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என வரையறுப்பது மற்றொரு வகை. முன்னதில் நடுவர் ஒப்பந்தச் சொற்களின் எல்லையைக் கடத்தல் ஆகாது. பின்னதில் இருபாலாரும் தாங்கக்கூடிய நடுவிடத்தை அவரே தேடிக் காணவேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்வதில்லை என வாக்களித்திருந்தன. ஆகவே பிணக்குக்களைத் தீர்க்க 1942 இல் தேசியப் போர்த் தொழிலாளர் வாரியம் அமைக்கப்பட்டது. முதலாளிகள், தொழிலாளிகள், பொதுமக்கள் ஆகிய முத்திறத்தார் பிரதிநிதிகளும் அதில் இடம் பெற்றனர். சியாட்டில் நகரில் ஆசிரியராயிருந்த கெர், மேற்குக் கரையில் அவ்வாரியத்தின் வட்டாரப் பணியில் ஈடுபட்டுப் பயிற்சி மிகப் பெற்றார். போர் முடிந்த 1945 இல் பெர்க்லிக்குத் திரும்பி, அங்குப் புதிதாக நிறுவப்பட்ட தொழிலுறவு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். அதனோடு ஆர்மர் என்னும் இறைச்சி பதனிடும் கம்பெனிக்கும் அதன் தொழிலாளர் சங்கத்திற்கும் நடுவராயமர்ந்தார். பசிபிக் கரைத் துறைமுகங்களிலோ, ஹாரி பிரிட்ஜஸ் என்பவரின் தலைமையில் வலிமை மிக்கிருந்த துறைமுகத் தொழிலாளர்க்கும் கப்பல் முதலாளிகளுக்கும் இடையே 1946, 1947 ஆம் ஆண்டுகளில் நடுநிலைத் தலைவராக அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தார்.

இவ்வனுபவத்தின் பயனாக, ஏபிரகாம் சீகல் என்பவருடன் சேர்ந்து 1954 இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பதினொரு நாடுகளின் வேலைநிறுத்தக் கணக்குக்களை ஒப்புநோக்கி அவர்கள் கண்ட உண்மை வியக்கத்தக்கது. சுரங்கத் தொழிலாளர், கடலோடிகள், துறைமுகத் தொழிலாளர் ஆகியோர் எந்நாட்டினராயினும் மிகுதியாக வேலைநிறுத்தம் செய்கின்றனர். துணி தைப்போர், கடைகளில் வேலை செய்வோர் முதலியோர் அருகியே செய்கின்றனர். காரணம் யாது? முன்னவர் ஏனைய மக்களோடு கலவாது, ஒரே வகையான வேலையும் ஒரே வகையான குறையும் உடையராய், ஓரிடத்திற் குவிந்து வாழ்பவர். அத்தகைய தனித்த திரளில் ஒருவர் குறை அனைவர் குறையாகும். பின்னவரோ ஊரோடு ஊராய்க் கலந்து வாழ்வதால் அவர் சினம் பலவாறாகச் சிதறிவிடும். இவ்வாராய்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

பிரமாணப் பிணக்கு

1949 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினர், தாம் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவரல்லர் என ஆசிரியர் ஒவ்வொருவரும் பிரமாணம் எழுதித் தரவேண்டுமென்று பணித்தனர். ஆசிரியர் பலர், அக்கட்சியோடு யாதொரு தொடர்பும் இல்லாதவராயிருந்தும், கருத்துரிமைக்கு இஃது இழுக்கு என மறுத்தனர். கெர் பிரமாணத்தில் ஒப்பமிட்டார். ஆயினும் ஆசிரியர் உரிமைகளைக் காக்கும் குழுவின் உறுப்பினராக, ஒப்பமிடாதவரின் பொருட்டு ஆட்சிக்குழுவின் முன் நின்று வழக்குரைத்தார். 1950 இல் 31 ஆசிரியர் நீக்கப்பட்டனர். 1952 இல் மாநில உயர் நீதிமன்றம் நீக்கப்பட்டோர் பக்கம் தீர்ப்பளித்தது. தாம் செய்யாத ஒன்றைச் செய்தவருக்காகத் தாமே வாதாடிய கெரின் நேர்மையை ஆசிரியர்கள் மறந்தாரல்லர். அதே 1952 இல் பெர்க்லி வளாகத்திற்கு முதன்முறையாக ஒரு தனி முதல்வரை நியமித்தபோது, அவர்தம் ஆதரவோடு அப்பதவியைக் கெர் ஏற்றார். 1958 இல் அவ்வளாகம் உட்பட எல்லா வளாகங்களுக்கும் மேலான பல்கலைக்கழகத் தலைவரானார்.

பெருந்திட்டம்

அக்காலத்தில் கலிபோர்னியாவில் மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகிற்று. பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரிகள், ஈராண்டு இளங்கல்லூரிகள் என்ற மூவகை நிலையங்களும் ஒன்றன் எல்லையில் மற்றொன்று புகமுயன்று போட்டியிட்டன. சிறப்பாக, டாக்டர் பட்டம் வழங்கும் உரிமை தமக்கும் வேண்டுமென்று மாநிலக் கல்லூரிகள் கேட்டன, பல்கலைக்கழகம் இசையவில்லை. கெர் இதனையும் ஒரு தொழிற்பிணக்கைப் போலவே கையாண்டார். ஆர்தர் கூன்ஸ் என்னும் தனியார் கல்லூரித் தலைவரின் கீழ் அமைந்த குழுவொன்று ஆராய்ந்து, எல்லாரும் இசையத்தக்க உடன்பாட்டை வகுத்தது. 1960 இல் அது சட்டமாயிற்று.

அத்திட்டத்தின்படி உயர்நிலைப்பள்ளி முடித்தோருள் முதல் எட்டிலொரு பங்கினர் பல்கலைக்கழகத்திற்கும், முதல் மூன்றிலொரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதியுடையவர். கற்கும் ஆற்றலுள்ள எவரும் இளங்கல்லூரியிற் சேரலாம். அங்கு நன்கு கற்றவர் ஈராண்டிற்குப்பின் மேற்பட்ட நிலையங்களுக்கு மாறிச் செல்லலாம். டாக்டர் பட்டத்தைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மாநிலக் கல்லூரிகளும் வழங்கலாம் என ஒரு நடுவழியும் காணப்பட்டது. தகுதியை உயர்த்துதலும் வாயிலை அகலத் திறத்தலும் ஒன்றையொன்று பகைப்பன என்றே பலரும் எண்ணியிருந்தனர். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி இருபாலாரையும் ஒப்பமிடச் செய்தது நடுவர் கலையின் வெற்றியாகும். சான் டியேகோ, எர்வைன், சாண்டா குரூஸ் ஆகிய இடங்களிற் புதிய வளாகங்களும் அவர் காலத்தில் உருப்பெற்றன.

1963 இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், இக்காலப் பல்கலைக்கழகம் ஒரே நோக்குடைய ஒரு குடும்பமன்று, பல நோக்கங்களையுடைய பல கூட்டங்கள் ஒருபெயர் பூண்டு வாழும் நகரம் என்னுங் கருத்தை அவர் விளக்கினார். அதன் தலைவர் வீரருமல்லர், வேந்தருமல்லர். பெரும்பாலும் சமரசம் செய்பவரே என்றுங் கூறினார். இவ்வுரையே நூலாகி அவர் புகழை நாடெங்கும் பரப்பிற்று. மறு ஆண்டே அவருக்குச் சோதனையும் வந்தது.

1964 ஆம் ஆண்டுப் பிணக்கு

பெர்க்லி வளாகத்தின் தென்வாயிலில் ஒரு சிறு நடைபாதை இருந்தது. அது நகராட்சிக்கு உரியதென எண்ணிய மாணவர், அங்கு மேசையிட்டு, கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் பணந் திரட்டியும் ஆள் சேர்த்தும் வந்தனர். அவ்விடம் பல்கலைக்கழகத்திற்கே உரியது எனக் கண்ட அதிகாரிகள், 1964 செப்டெம்பர் 14 ஆம் நாள் அம்மேசைகளைத் தடுத்து ஆணையிட்டனர். கெர் அப்போது வெளிநாட்டுப் பயணத்திலிருந்தார். திரும்பியவுடன் அவ்வாணை தவறென்று கண்டும், வளாக முதல்வரின் அதிகாரத்தில் தலையிடலாகாதெனக் கருதி முற்றிலும் மாற்றாது விட்டார். உடனே அதனை நீக்கியிருக்கவேண்டும் என்று தம் முதுமையில் எழுதிய நினைவுநூலில் அவரே ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் முதல் நாள் ஒருவரைக் கைதுசெய்து ஏற்றிய போலீஸ் காரை மாணவர் சூழ்ந்து அமர்ந்தனர். 32 மணி நேரம் அது நகரவில்லை. கெர், மாரியோ சாவியோ முதலிய மாணவத் தலைவரோடு பேசி உடன்பாடொன்று கண்டார். இரத்தஞ் சிந்தாது அவ்விரவு முடிந்தது அவர் திறமையினால் எனலாம். ஆயின் அவ்வுடன்பாட்டில் ஒரு குறை இருந்தது. இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர் வழக்கை ஆசிரியர் பேரவையின் மாணவர் ஒழுக்கக் குழு விசாரிக்கும் என எழுதப்பட்டது. அப்பெயருடைய குழுவோ பேரவையில் இல்லை. ஒப்பந்தச் சொற்களை நிறுத்துப் பார்த்தே வாழ்ந்த நடுவர் ஒப்பமிட்ட ஏட்டில் இங்ஙனம் நேர்ந்தமையால் மாணவர் ஐயம் முதிர்ந்தது. நவம்பரில் தலைவர் நால்வர்மீது பழைய குற்றங்கள் மீண்டும் எடுக்கப்பட்டன. டிசெம்பர் 2 ஆம் நாள் மாணவர் நிருவாகக் கட்டிடத்துள் அமர்ந்தனர். ஏறக்குறைய 800 பேர் கைதாயினர். டிசெம்பர் 8 ஆம் நாள் ஆசிரியர் பேரவை கூடி, பேச்சின் பொருளைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தலாகாது. இடம், காலம், முறை ஆகியவற்றையே நெறிப்படுத்தலாம் என, 824 பேர் ஒருபுறமும் 115 பேர் மறுபுறமுமாகத் தீர்மானித்தது.

நடுவர் கலை ஈண்டுத் தளர்ந்தது ஏன்? மூன்று காரணங்கள் எமக்குத் தோன்றுகின்றன. முதலாவது, பொருள் பற்றியது. கூலி ஒரு டாலரா 60 சென்டா என்னும் வழக்கில் 75 என்னும் எண் உண்டு. பேசும் உரிமை உண்டா இல்லையா என்னும் வழக்கில் அத்தகைய நடுவெண் இல்லை. பங்கிடத்தக்க பொருளுக்கும் பங்கிடலாகாத உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரண்டாவது, ஆள் பற்றியது. நடுவராவார் இருதிறத்திற்கும் புறம்பானவர். கெரோ ஒருதிறத்தின் தலைவர். ஆட்சிக்குழுவின் ஊழியராயிருந்துகொண்டே ஆட்சிக்கும் மாணவர்க்கும் நடுவே நிற்க முயன்றமையால் இருபாலாரும் அவரை ஐயுற்றனர். மூன்றாவது, வழக்காடுவோர் பற்றியது. தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. அதனை முதலாளி ஏற்று ஒப்பந்தம் எழுதியிருப்பர். மாணவர்க்கோ அத்தகைய ஏற்பு இல்லை. ஏறக்குறைய 27,000 மாணவர் ஒரே வகையான வாழ்வும் ஒரே வகையான குறையும் உடையராய் ஓரிடத்திற் குவிந்திருந்தனர். சுரங்கத்தையும் துறைமுகத்தையும் ஆராய்ந்து கெர் எழுதிய தனித்த திரளின் இலக்கணம் அவர் வாயிலிலேயே பொருந்தி நின்றது. ஊரார் சுரங்கத்தை அளந்தவர் தம் இல்லத்து முற்றத்தை அளக்க மறந்தார்.

பதவி நீக்கமும் பின்னும்

மாணவரை அடக்கிலர் என ஒருசாராரும், அடக்க முயன்றார் என மற்றொரு சாராரும் கெரைப் பழித்தனர். பெர்க்லிக் குழப்பத்தைத் தீர்ப்பேன் என வாக்களித்து ரானல்டு ரேகன் ஆளுநரானார். 1967 ஜனவரி 20 ஆம் நாள் ஆட்சிக்குழு 14க்கு 8 என்ற கணக்கில் கெரைப் பதவியினின்று நீக்கிற்று. தாம் ஏற்றபோதிருந்த எரியும் ஊக்கத்தோடே வெளியேற்றப்பட்டதாக, ஆங்கிலத்தில் இருபொருள்படும் ஒரு சொல்லைக்கொண்டு அவர் நகைச்சுவையாகக் கூறினார். சினங்கொண்டு யாரையும் ஏசினாரல்லர். எட்கர் ஹூவர் தலைமையிலிருந்த கூட்டாட்சி உளவுத்துறை அவருக்கு மறைவில் தீங்கிழைத்தமை, நெடுநாள் வழக்காடிப் பெற்ற ஆவணங்களைக்கொண்டு 2002 இல் செய்தித்தாளொன்றில் வெளியாயிற்று. எவரையும் கேளாது தீர்ப்பு எழுதாத அவர்க்கு, அவர் அறியாமலே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது.

பதவி நீங்கியபின் உயர்கல்வி பற்றிய கார்னகி ஆணைக்குழுவின் தலைவராகி நாட்டின் உயர்கல்வி முழுமையையும் ஆராய்ந்தார்; ஏழை மாணவர்க்குப் பொருளுதவி நேரே சேரவேண்டுமென்று வற்புறுத்தினார். நடுவர் பணியையும் அவர் கைவிட்டிலர். அமெரிக்க அஞ்சல் ஊழியர் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்தல் இயலாது. ஆகவே உடன்பாடு காணாவிடின் நடுவர் தீர்ப்பே முடிவு. 1984 இல் அத்தகைய பெருவழக்கு எழுந்தபோது, 73 வயதினராகிய கெரே நடுவர் குழுவின் தலைவராயமர்ந்து தீர்ப்பளித்தார். ஆட்சிக்குழு வேண்டாவென நீக்கியவரை, ஒன்றோடொன்று மாறுபட்டு நின்ற இருபாலாரும் நம்பினர் என்பது சிந்திக்கத்தக்கது.

முடிவுரை

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தமை நாம் அறிவோம். நடுவுநிலைமையாவது எவ்வழக்கிலும் சரிபாதி வெட்டுதலன்று. அறம் நிற்கும் இடத்தில் நிற்றலே. பங்கிடத்தக்கதைப் பங்கிட்டபோது கெர் வென்றார். பங்கிடலாகாததைப் பங்கிட முயன்றபோது தோற்றார். எனினும் தம் பிழையைத் தாமே எடுத்துக்கூறும் பெருமை அவர்பால் இருந்தது. கல்லூரியில் வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவதும் இதுவே. குறையுள்ள மாணவர் அதனைத் தெளிவாக எடுத்துரைக்கவும், ஆள்வோர் அதனை முழுவதுங் கேட்கவும் ஏற்ற அவையொன்று பிணக்கு எழுமுன்னரே அமைந்திருத்தல் வேண்டும். இல்லாத குழுவின் பெயரை இடுக்கண் வந்தபின் எழுதுவதாற் பயனில்லை. பேசுதற்குரிய இடத்தை முன்னரே சமைத்து வைப்பவரே மெய்யான சமாதானஞ் செய்வோர் ஆவர்.